ஆடுதீண்டாப்பாளைப் பொடி கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் புரளுகிறான். கீரிப்பூச்சிதான் என்று மாமியார் நாட்டு மருந்துக் கடையில் ஆடுதீண்டாப்பாளைப் பொடி வாங்கி வந்திருக்கிறார். பி.ஃபார்ம் படிக்கும் என் தங்கையோ, மூலிகைச் சாற்றில் புழு அரை மணி நேரத்தில் செத்ததைக் கல்லூரியில் பார்த்தேன் என்கிறாள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைவிட இது நல்லதா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: அந்தப் பொடியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூச்சிக்கு ஆடுதீண்டாப்பாளை என்று உங்கள் மாமியார் சொல்வது காலங்காலமாக இருக்கிற வழக்கம்தான். ஆனால் அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்கு, அதில் இந்த இனத்துச் செடி கலந்திருந்ததால், சிறுநீரகமே செயலிழந்துபோனது.

உங்கள் தங்கை பார்த்தது அநேகமாக மண்புழுவாக இருக்கும். தட்டில் மண்புழுவை விட்டுச் சாற்றை ஊற்றி, எத்தனை நிமிடத்தில் அசைவு நிற்கிறது, எப்போது சாகிறது என்று குறித்துக்கொண்டு, பைபரசின் என்ற பூச்சி மருந்தை ஊற்றிய இன்னொரு தட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செலவில்லாத முதல் படி, அவ்வளவுதான். மண்புழு ஒட்டுண்ணியே இல்லை, உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். சரி, உண்மையான சோதனை எப்படி? புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி மாதிரியான இடத்தில் அறுத்த ஆட்டின் இரைப்பையைத் திறந்தால், ரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் புழு சில சமயம் கிடைக்கும். பெண் புழு சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். அதன் முட்டை பொரிவதைச் சாறு தடுக்கிறதா, பொரிந்து வரும் குஞ்சுப் புழு (லார்வா) வளர்வதை நிறுத்துகிறதா என்று பார்க்கவேண்டும், அப்புறம் உயிருள்ள ஆட்டுக்குக் கொடுத்துப் புழுக்கையில் முட்டை குறைகிறதா என்று எண்ணவேண்டும், நஞ்சு இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கவேண்டும், அதற்கெல்லாம் பிறகுதான் மனிதர்கள். தட்டில் ஜெயித்த சாறுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் எங்கேயோ நின்றுவிடுகின்றன.

செடியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. ஆர்ட்டிமிசியா செடியிலிருந்து எடுத்த சான்டோனின் ஒரு காலத்தில் உருண்டைப் புழுவுக்குப் பிரதான மருந்து. ஆனால் சாப்பிட்டவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது, நஞ்சு என்பதால் கைவிட்டார்கள். பப்பாளி விதையைத் தேனில் கலந்து நைஜீரியாவில் 60 குழந்தைகளிடம் செய்த சோதனை 2007இல் வெளிவந்தது, முடிவு நன்றாகவே இருந்தது. பூச்சிக்கு நாட்டு மருந்தாக இருக்கும் நம் வாய்விடங்கத்தையும் புரசு விதையையும் இப்படி மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. மண்புழுவோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் பயனில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது தேவை பள்ளியில் தரும் அதே பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கீரிப்பூச்சிக்கு வழக்கமாக 400 மி.கி. ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. பள்ளியில் தரும் ஒரு மாத்திரையோடு விட்டால் மிச்சமிருக்கும் முட்டையிலிருந்து திரும்ப வரும். வீட்டில் எல்லோருமே சாப்பிடவேண்டியிருக்கும், மாமியாரையும் சேர்த்துத்தான், ஆனால் யாராவது கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பையனுக்கு நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிக்கவைத்து, ஜட்டியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவையுங்கள்.