சுவர் காயட்டும், அப்புறம் நாதஸ்வரம் வரையலாம்

கேள்வி: ஆடுதுறைப் பக்கம் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிச் சுற்றுச்சுவரில் (40 அடி நீளம், 8 அடி உயரம்) பிள்ளைகள் நாதஸ்வரமும் தவிலும் பழகுவதுபோல ஊரார் சேர்ந்து ஓவியம் தீட்ட நினைக்கிறோம். முன்பு வரைந்த படம் ஒரே வருடத்தில் உரிந்துவிட்டது. காண்ட்ராக்டர் ஒருவர் 20 லிட்டர் எமல்ஷன் கணக்குச் சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். தீபாவளிக்குள் முடித்துவிடுவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காவிரிக்கரைச் சுவர் எதுவும் காயாது. பொங்கல் கழித்துத் தொடங்குங்கள்.

போன முறை உரிந்தது பெரும்பாலும் அடியில் கிடக்கும் பழைய சுண்ணாம்பால்தான். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் கம்பி பிரஷ்ஷால் மொத்தமும் சுரண்ட வேண்டும். அப்புறம் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது. சுவரின் தலையில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். அதை அடைத்த பிறகுதான் பிரைமர்.

இப்போது அந்த 20 லிட்டர். உங்கள் சுவர் 320 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தாலும் 7 லிட்டர் போதும், உருவங்களுக்கு இன்னும் நாலைந்து லிட்டர். மிச்சம் யார் வீட்டுச் சுவருக்கு? சில காண்ட்ராக்டர்கள் எமல்ஷன் வாளியில் மலிவான டிஸ்டெம்பர் பெயிண்டைக் கலக்கிக் கொண்டுவருவார்கள், வீட்டுக்குள் பூசும் பட்டி மாவை வெளிச்சுவரில் இழுப்பார்கள். முதல் மழையிலேயே பொருக்குப் பொருக்காக வந்துவிடும். பெயிண்டை நீங்களே கடையில் பில் போட்டு வாங்குங்கள். 'வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன்' என்று கேளுங்கள். சீல் உங்கள் கண்முன் உடையட்டும். ஆளுக்குக் கூலி மட்டும், அதுவும் வேலை முடிய முடிய.

படத்துக்கு வருவோம். நரசிங்கம்பேட்டை உங்களுக்குப் பக்கத்து ஊர். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாதஸ்வரம் அங்கே ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளி, நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகள், அடியில் விரியும் அணசு எல்லாம் அவர்கள் கண்ணில் படட்டும். இணையத்தில் எடுக்கும் படம் சில சமயம் இடவலம் மாறியிருக்கும். தவிலில் வலது கை விரல்களில் கூடு (விரலில் மாட்டும் கெட்டி உறை), இடது கையில் குச்சி. மாற்றி வரைந்துவிட்டால் ஊர் வித்வான்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள வாசிப்பாளருக்கு இது மாறும், உண்மைதான். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்து அவரையே வரைவதானால் மாற்றியே வரையுங்கள், யார் என்று கீழே பெயரும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் பெயிண்டர் 'திருத்தி' விடுவார்.

தலைமை ஆசிரியர் வாயால் சரி சொன்னது போதாது. நாங்கள் 3 வாரம் உழைத்து வரைந்த ஒரு பள்ளிச் சுவரை, எட்டே மாதத்தில் பராமரிப்பு வேலை என்று வெள்ளை அடித்துவிட்டார்கள். கேட்டால் கோப்பில் எதுவும் இல்லை என்றார்கள். ஒரு சுவரைக் காப்பாற்ற எத்தனை மேசைக்குத்தான் நடப்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனுக் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்வதற்குள் இந்த வேலையை முடித்துவிடலாம்.