ஓநாய் தொடாத பிள்ளை

கேள்வி: 'ஹோல்ட் த டார்க்' படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பெற்ற மகனை மெடோரா ஏன் கொன்றாள்? வெர்னன் ஏன் கண்ணில் படுகிறவர்களை எல்லாம் கொல்கிறான்? கடைசியில் அவளை மட்டும் ஏன் விட்டுவிடுகிறான்?

பதில்: முழுக் கதையும் வெளியே வந்துவிடும். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் படம்தான். ஜெரமி சால்னியர் இயக்கி 2018இல் வந்த இந்தப் படத்துக்கு மூலம் வில்லியம் ஜிரால்டியின் நாவல். கணவன் மனைவியாக வாழும் மெடோராவும் வெர்னனும் இரட்டைப் பிறவிகள் என்று நாவல் சொல்லிவிடுகிறது. படமோ அதை முகச்சாயலிலும், வெர்னன் இல்லாத காலமே தன் நினைவில் இல்லை என்பதுபோல் மெடோரா பேசுவதிலும் ஒளித்துவைக்கிறது. இந்த ஒன்று தெரியாவிட்டால் மற்ற எதுவும் பிடிபடாது.

மூன்றாவது தடவை பார்த்தால் கழுத்தைக் கவனியுங்கள். சிறுவன் கழுத்து நெரிபட்டுத்தான் செத்திருக்கிறான். ஓநாய் நிபுணர் கோர் அவள் வீட்டில் தங்கும் இரவில், மெடோரா ஓநாய் முகமூடியோடு வந்து பக்கத்தில் படுத்து, அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைக்கிறாள். மகனைக் கொன்ற அதே விதத்தில் தனக்கும் தண்டனை கேட்கிறாள் என்றுதான் நான் படிக்கிறேன். மகனை ஓநாய் தூக்கிப்போய்விட்டதாகச் சொல்லி அவரை அலாஸ்காவுக்கு வரவழைத்தாளே, வேட்டைக்காரன் தேவைப்பட்டா? உடலைக் கண்டுபிடிக்க ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

கொன்ற காரணத்தைப் படம் ஓநாய்களை வைத்தே சொல்கிறது. கூட்டம் தன் குட்டியையே தின்பதைப் பார்த்த கோர், சுடாமல் திரும்பிவிடுகிறார். நெருக்கடியில் ஓநாய்கள் அப்படிச் செய்வதுண்டு என்பது அவர் விளக்கம். தங்கள் ரத்தத்திலேயே ஏதோ இருட்டு இருப்பதாக நம்பும் தாய், பிள்ளையை அதிலிருந்து 'காப்பாற்றிவிடுகிறாள்'. ஊர்க் கிழவி இதைப் பேய் பிடித்ததாகச் சொல்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படமும் அதை உறுதிசெய்யவில்லை.

அப்புறம் வெர்னன். போலீஸ் தனக்கு முன்னால் மெடோராவை எட்டிவிடக் கூடாது, அதனால் அவர்கள் சாகிறார்கள். கிழவி நடக்கப்போவது தெரிந்தும் தடுக்கவில்லை, அதனால் அவளும் சாகிறாள். வழியில் விழும் மற்ற பிணங்களுக்குத் தனித்தனிக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவன் போகும் பாதையில் நின்றார்கள்.

வெர்னனின் நண்பன் சீயோன் கணக்கு வேறு. ஓநாய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவன். அப்போது எட்டிப் பார்க்காத போலீஸ், இப்போது படையாக வாசலில் நிற்கிறது. அந்த நீண்ட துப்பாக்கிச் சண்டை நண்பனுக்காக மட்டும் நடந்ததல்ல.

கடைசிக் காட்சியில் வெர்னன் மெடோராவைக் கொல்லத்தான் வருகிறான். முகமூடியோடு அவள் கழுத்தை நெரிக்கிறான். அவள் அந்த முகமூடியைக் கழற்றியதும் பிடி தளர்கிறது. எதிரே இருப்பது அவன் முகமேதான். அம்பு பாய்ந்து கிடக்கும் கோரையும் அவன் முடித்துவிடவில்லை. பனியில் ஊர்ந்து வெளியே வரும் அவரை ஓநாய்க் கூட்டம் நின்று பார்க்கிறது, பிறகு தன் வழியே போய்விடுகிறது.