வாசகர் கேள்வி – பதில்: பிடித்த மீனைத் திரும்ப விடுவது

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கும் என் மருமகன் மூன்று ஆண்டுகள் தூண்டில் போட்டுக் காத்திருந்து, ஆற்றில் மஸ்கி என்ற மீனைப் பிடித்தார். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமிருந்த அந்த மீனைப் படம் எடுத்துவிட்டு உடனே ஆற்றில் விட்டுவிட்டாராம். அரசே அங்கு மஸ்கிக் குஞ்சுகளை விடுகிறது என்றும் சொல்கிறார். அப்படியானால் ஒன்றைச் சமைத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தங்கள் மருமகன் செய்ததுதான் சரி. மஸ்கி, விஸ்கான்சின் தன் மாநில மீனாக 1955இல் ஏற்றுக்கொண்ட பெரிய இரைகொல்லி மீன். மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும். ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு ஒரு பெரிய மஸ்கி தேறுவதே அரிது. பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடையவே பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மீட்டரைத் தாண்டிய மீன் என்றால், அது ஏற்கெனவே சில முறை முட்டையிட்ட, இன்னும் பல ஆண்டுகள் முட்டையிடக்கூடிய தாய் மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்குப் பெரும்பாலான நீர்நிலைகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தராது. அருகிலுள்ள மின்னசோட்டா மாநிலத்தில் அந்த அளவு 54 அங்குலம்.

அரசு குஞ்சு விடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குஞ்சு மலிவாகக் கிடைப்பதன்று. பண்ணையில் முட்டையிலிருந்து பொரிந்த மஸ்கிக் குஞ்சுக்கு உயிருள்ள சிறு மீன்களையே இரையாகக் கொடுத்து, கோடை முழுவதும் வளர்த்து, 25 முதல் 30 செ.மீ. நீளம் வந்த பிறகு இலையுதிர் காலத்தில் விடுகிறார்கள். இதைவிடச் சிறிதாக விட்டால் பெரிய மீன்களும் பறவைகளும் தின்றுவிடும். ஆற்றிலோ இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளத்தில் அணையைத் தாண்டிக் கீழே போன மீன் மறுபடி மேலே ஏறி வர முடியாது.

ஆகவே மீன் தானாகப் பெருகுகிறதா என்பதே அங்குக் குஞ்சு விடுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பனி உருகியபின், நீரின் வெப்பம் 9 முதல் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாட்களில், மஸ்கி ஆழமற்ற ஒதுக்குநீரைத் தேடி வந்து முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். கூடு கட்டாது, காவல் காக்காது. ஒரு தாய் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடும் என்றாலும், அவை பொரியும்வரை ஒன்றிரண்டு வாரம் அடியிலேயே கிடக்க வேண்டும். கரையை வெட்டி, காட்டை அழித்து வண்டல் வந்து படிந்தால் அத்தனையும் மூச்சின்றி அழுகிப்போகும். அப்படிப்பட்ட ஆற்றில் எத்தனை குஞ்சு விட்டாலும் அவை வளர்ந்து, முட்டையிட்டு, வாரிசின்றி முடியும். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. விடும் குஞ்சுகளின் ஒரு துடுப்பைச் சற்று நறுக்கி அடையாளமிட்டு விடுகிறார்கள். பிற்காலத்தில் வலையில் துடுப்பு முழுமையாக உள்ள இளம் மீன்கள் கிடைத்தால், அவை ஆற்றிலேயே பிறந்தவை என்று கொள்ளலாம். தானாகப் பெருகும் நீரில் குஞ்சு விடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மின்னசோட்டாவில் பல ஆண்டுகள் ஷூபேக் ஏரியின் வழிவந்த குஞ்சுகளையே எங்கும் விட்டார்கள். அவை பெரிதாக வளராத வகை என்று தெரிந்து, 1980களில் லீச் ஏரியின் வழிக்கு மாறினார்கள். எந்தத் தாயின் குஞ்சு என்று பாராமல் விட்டதைத் திருத்த அத்தனை காலம் பிடித்தது.

கேள்வி: எங்கள் ஏரியில் முன்போல் விரால் கிடைப்பதில்லை. மஸ்கிக்குச் செய்வதுபோல் நாங்களும் குஞ்சு வாங்கி விடலாமா?
– வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: விடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். மஸ்கி செய்யாததை விரால் செய்கிறது. ஆணும் பெண்ணுமாகக் கோரைக்கும் பாசிக்கும் நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். பொன்னிற முட்டைகள் மேலே மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பிறகு வாரக்கணக்கில் பெற்றோர் காவல்தான். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்று நீர் பாகூருக்கு வரும் வாய்க்காலில் ஓர் ஐப்பசிக் காலை நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு செந்நிறத் திட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வந்து, நீர்ப்பரப்பை மழைத்துளி விழுவதுபோல் சிலிர்க்கச் செய்தன. அவற்றுக்குக் கீழே கருத்த முதுகு ஒன்று அசையாமல் நின்றது. எதிர்க்கரையில் இருந்தவர் தவளையைக் கோத்து அந்தத் திட்டின் நடுவே தூண்டிலை எறிந்தார். பசியால் அன்று, குஞ்சைக் காக்கும் சினத்தால் அந்த மீன் பாய்ந்து கடித்தது. தூக்கிய சிறிது நேரத்திலேயே கெண்டைகளும் ஒரு கொக்கும் அந்தச் செந்நிறத்தைக் கலைத்துவிட்டன.

பலர் அறியாமல் செய்வதுதான் இது. ஆனால் ஒரு மீனோடு அதன் குஞ்சுக் கூட்டம் முழுவதும் போகிறது. செந்நிறக் குஞ்சைக் கண்ட இடத்தில் தூண்டில் போடுவதில்லை என்று ஊரில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். தூர்வாரும்போது கரையோரக் கோரை முழுவதையும் வழித்தெடுக்காமல் ஆங்காங்கே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால், மீன்வளத் துறையிடம் கேட்டு, நம் பகுதித் தாய் மீனிலிருந்து வந்த, விரல் நீளம் தாண்டிய குஞ்சுகளாகப் பார்த்து விடலாம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சு அவற்றோடு கலந்து வராமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

கேள்வி: கெடிலம் ஆற்றில் சிறு விராலைப் பிடித்துத் திரும்ப நீரில் விட்டேன், மறுநாள் அதே இடத்தில் ஒன்று செத்து மிதந்தது. விடும் முறை ஏதும் உண்டா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உண்டு, ஆனால் மீனுக்கு மீன் மாறும். மஸ்கி செவுளால் மட்டுமே மூச்சுவிடுவதால், பெரிய வலைக்குள் நீரிலேயே வைத்து, நீண்ட குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றி, வாலடியைப் பிடித்துத் தாங்கி, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்கிறார்கள். நீர் 27 டிகிரியை எட்டும் கோடை நாட்களில், விட்ட மீன் களைப்பிலேயே இறந்துவிடும் என்று பலர் தூண்டிலே போடுவதில்லை. நம் ஆற்றில் அந்த வெப்பம் சாதாரணம். விராலுக்கு அது பொருட்டுமன்று. விராலுக்கு வேண்டியது மேல்காற்று. மேலே வர முடியாமல் வலைக்குள் அமிழ்த்தி வைத்தால் அது மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே விடும்வரை பாதி நீர் நிரம்பிய அகன்ற வாளியில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள்.

தாங்கள் கண்ட மீன் பெரும்பாலும் முள்ளை விழுங்கியதாக இருக்கலாம். வயிற்றுக்குள் போன முள்ளை இழுக்காமல், வாயோரத்தில் தூண்டில் நரம்பை நறுக்கிவிட்டு மீனை விடுவதே மேல். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கையும் சூடான மணலும் உடம்பின் வழவழப்பை உரித்துவிட்டால், அந்த இடத்தில் பூஞ்சை பற்றும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுத் தூண்டில் போட்டால், கழற்ற ஒரு நொடிதான் ஆகும்.