இறுதிப் போட்டியில் தலைவர் இல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முக்கியமான இறுதிப் போட்டிக்கு முன் காயத்தால் விலக நேரும் கால்பந்து அணித்தலைவர்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகள் என்பதால், அவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2022-ஆம் ஆண்டு ஐரோப்பிய மகளிர் கால்பந்து இறுதிப் போட்டியில், ஜெர்மனியின் அணித்தலைவி அலெக்சாண்ட்ரா போப்பின் பெயர் ஆடும் பதினொருவர் பட்டியலில் இருந்தது. ஆட்டம் தொடங்கியபோது அவர் களத்தில் இல்லை. அறிவித்த பட்டியலைக் கடைசி நேரத்தில் மாற்றலாமா? அதனால் ஜெர்மனி ஒரு மாற்று வாய்ப்பை இழந்ததா?

பதில்: மாற்றலாம். பட்டியலைக் கொடுத்த பிறகு, ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒருவர் காயமடைந்தால், மாற்று ஆட்டக்காரர்களாகப் பெயர் தரப்பட்டிருப்பவர்களில் ஒருவரை அவருடைய இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். நடுவருக்குத் தெரிவித்தால் போதும். இது ஆட்டத்தின் நடுவே செய்யும் மாற்றமாகக் கணக்கில் சேராது. ஆகவே ஆட்டத்தின்போது அனுமதிக்கப்படும் மாற்றங்கள் முழுவதும் அணியின் கையிலேயே இருக்கும்.

போப்பின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2013, 2017 ஆகிய இரண்டு ஐரோப்பியப் போட்டிகளையும் அவர் காயத்தால் தவறவிட்டவர். 2022-இல் ஒருவழியாக ஆட வந்து, இறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களிலும் கோல் அடித்து, மொத்தம் ஆறு கோல்களுடன் நின்றார். ஜூலை 31 அன்று வெம்ப்ளி அரங்கில், உடலைச் சூடேற்றும் பயிற்சியின்போது தசைக் காயம் அவரை நிறுத்திவிட்டது. அவருக்குப் பதிலாக லேயா ஷூலர் ஆடினார். இங்கிலாந்து கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. வெற்றி கோல் 110-ஆவது நிமிடத்தில்தான் விழுந்தது என்பதால், தலைவி இல்லாத ஜெர்மனி உடைந்துபோய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

2014 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் ஆண்கள் அணிக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. சூடேற்றும் பயிற்சியில் சமி கெதிராவின் கெண்டைக்கால் தசை இடம் கொடுக்காததால், கிறிஸ்டோஃப் கிராமர் சில நிமிட அவகாசத்தில் இறக்கப்பட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி அடுத்த பதிலிலும் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: வாழ்நாளில் ஒருமுறை வரும் ஆட்டம். வலியை மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டுக்கொண்டு தொண்ணூறு நிமிடம் ஆடிவிட்டால் என்ன? பின்னால் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே. மருத்துவர்கள் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: எந்த இடத்தில், எந்தத் திசுவில் காயம் என்பதைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. கால் விரலிலோ விலா எலும்பிலோ ஏற்பட்ட சிறு காயத்தோடு, தகுந்த மருத்துவரின் கண்காணிப்பில் ஆடியவர்கள் உண்டு. ஆனால் கிழிந்த தசைக்கும், முழங்காலையோ கணுக்காலையோ தாங்கிப் பிடிக்கும் தசைநாருக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. மரக்கும் ஊசி வலியை நீக்குமே தவிர, அறுந்த நாரை ஒட்டவைக்காது. வலி என்பது, இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று உடல் அனுப்பும் செய்தி. அதை அணைத்துவிட்டு முழு வேகத்தில் ஓடச் சொன்னால், சிறு கிழிசல் பெருங்கிழிசலாவதை ஆடுபவரே உணரமாட்டார். மூன்று வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது மூன்று மாதத்தையும் தாண்டிப் போகலாம்.

இன்று அணித்தலைவர்களை அதிகம் வீழ்த்துவது பின்தொடைத் தசைதான். ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகளில் ஆண்டுதோறும் நடத்தப்படும் காய ஆய்வில், மொத்தக் காயங்களில் இதன் பங்கு 2001-02 பருவத்தில் 12 சதவீதமாக இருந்து 2021-22 பருவத்தில் 24 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் இந்தத் தசை ஒன்றும் சொல்லாது. முழு வேகத்தில் ஓடிக் காலை முன்னே வீசும் கணத்தில்தான் அது நீண்டபடியே பெரும் சுமையைத் தாங்குகிறது. கிழிவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதனால்தான், பயிற்சியில் நன்றாகத்தானே ஓடினார் என்று நாம் சொல்லும் ஆட்டக்காரர் பத்தாவது நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

2014 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டின் தியாகோ கோஸ்டாவுக்கு நேர்ந்தது இதுவே. அவர் தலைவர் அல்லர், ஆனால் அணியின் முதன்மை கோலடிப்பவர். ஒரு வாரம் முன்பு பின்தொடையில் காயம்பட்டவரை நம்பிக்கையோடு இறக்கினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் வெளியேறினார். மூன்று மாற்றங்களே அனுமதிக்கப்பட்ட காலம் அது. அவற்றில் ஒன்று அங்கேயே வீணாயிற்று. 93-ஆவது நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸ் சமன் செய்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றபோது, களைத்த கால்களை மாற்ற அத்லெட்டிகோவிடம் வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை. முடிவு 4-1. காயத்தோடு ஆடுபவர் தன் உடலை மட்டும் பணயம் வைப்பதில்லை, அணியின் கையிருப்பையும் சேர்த்தே பணயம் வைக்கிறார் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியின் தலைவர் ஃபிராங்கோ பரேசிக்கு, நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு, காயம்பட்ட 24-ஆவது நாளில் பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 120 நிமிடமும் ஆடி, எதிரணியைக் கோல் போடவிடாமல் தடுத்து நின்றார். பெனால்டி உதைகளில் முதலாவதாக அவர் அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது என்பதற்காக அந்த ஆட்டத்தைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். 1954 உலகக் கோப்பையில் ஹங்கேரியின் தலைவர் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ், மேற்கு ஜெர்மனியை 8-3 என்று வென்ற ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு, காலிறுதியையும் அரையிறுதியையும் தவறவிட்டு, அதே ஜெர்மனிக்கு எதிரான இறுதியில் இறங்கி ஆறாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். ஹங்கேரி 2-3 என்று தோற்றது. கடைசி நிமிடங்களில் அவர் போட்ட இன்னொரு கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத நாட்கள் அவை. முழுமையாகக் குணமாகாதவரை இறக்கியது சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த முதல் கோல் விழுந்திருக்குமா என்பதையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும். ஆட்டத்தின் முடிவை வைத்து மருத்துவ முடிவை எடைபோடுவது தவறு. அன்று காலையில் கையில் இருந்த தகவலை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

தலைக்காயத்துக்கு மட்டும் விவாதமே கிடையாது. மேலே சொன்ன கிராமர், 2014 இறுதியில் தலையில் மோதி அதிர்ச்சிக்குள்ளான பிறகும் சிறிது நேரம் ஆடினார். இது இறுதிப் போட்டிதானா என்று நடுவரிடமே கேட்டார். 31-ஆவது நிமிடத்தில்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்த அந்தக் கணமே ஆட்டக்காரர் வெளியே வந்துவிட வேண்டும். அவர் தலைவராக இருந்தாலும், ஆட்டம் உலகக் கோப்பை இறுதியாக இருந்தாலும் இதில் விலக்கில்லை.

கேள்வி: தலைவரை இழந்தும் கோப்பையை வென்ற அணிகள் உண்டா?

பதில்: உண்டு. எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி. எட்டாவது நிமிடத்தில் பிரான்ஸின் பயேயின் மோதலில் முழங்காலில் அடிபட்ட கிறிஸ்டியானோ ரொனால்டோ, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து முயன்று, முடியாமல் 25-ஆவது நிமிடத்தில் தலைவருக்கான கைப்பட்டையை நானியிடம் கொடுத்துவிட்டு அழுதபடி தூக்குப்படுக்கையில் வெளியேறினார். 109-ஆவது நிமிடத்தில் எடர் அடித்த கோலால் போர்த்துகல் பிரான்ஸை வென்றது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2002 உலகக் கோப்பையில் பிரேசில். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் விளையாட்டாகக் கோல்கீப்பராக நின்ற தலைவர் எமர்சனுக்குத் தோள் மூட்டு விலகியது. அவர் ஆடமாட்டார் என்பது அன்றே உறுதியாயிற்று. தலைமை கஃபூவுக்குச் சென்றது. நடுக்களத்தில் எமர்சனின் இடம் கில்பெர்ட்டோ சில்வாவுக்குச் சென்றது. அவர் எல்லா ஆட்டங்களிலும் ஆடினார். யோகோஹாமாவில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியவர் கஃபூ. 2010-இல் ஜெர்மனியின் தலைவர் மிஷாயேல் பல்லாக், உலகக் கோப்பைக்கு ஒரு மாதமே இருந்தபோது இங்கிலாந்துக் கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கணுக்காலில் காயம்பட்டு விலகியதும் இப்படித்தான்: பிலிப் லாம் தலைமையேற்றார், கெதிரா நடுக்களத்துக்கு வந்தார், அணி மூன்றாமிடம் பெற்றது. அதே லாம்தான் 2014-இல் கோப்பையை ஏந்தினார்.

இவற்றில் நான் காண்பது இதுதான். தலைவர் இல்லாததை ஓர் அணி தாங்கிக்கொள்ளும். அவர் இருப்பாரா மாட்டாரா என்று ஆட்ட நாள் காலைவரை இழுபடுவதைத் தாங்கிக்கொள்வது கடினம். ஏனென்றால், அவருடைய இடத்துக்கு வரப்போகிறவர் ஒரு வாரம் அந்த இடத்தில் நின்று பழக வேண்டும். கார்னர் உதையில் யாரை யார் காப்பது, பெனால்டியை யார் எடுப்பது என்பதெல்லாம் மாறும். உள்ளே வருபவர் தன்னை நாளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற ஐயத்தோடு உறங்கப் போகக்கூடாது.

கேள்வி: விதிப்படி அணித்தலைவருக்கு என்ன அதிகாரம்? அவர் வெளியேறினால் கைப்பட்டை யாருக்கு?

பதில்: தனி அதிகாரமோ சலுகையோ இல்லை என்று விதிநூலே சொல்கிறது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் அவருக்கு உண்டு. நாணயம் சுண்டும்போது நிற்பதும் அவர்தான். நடுவரிடம் விளக்கம் கேட்கத் தலைவர் மட்டுமே போகலாம் என்ற நடைமுறை 2024 ஐரோப்பியக் கோப்பையில் பின்பற்றப்பட்டது. கைப்பட்டை யாருக்கு என்பதை அணியே முடிவு செய்கிறது.

கேள்வி: இறுதிப் போட்டியில் ஆடாத தலைவருக்குப் பதக்கம் உண்டா?

பதில்: இன்று அணியில் பதிவான எல்லோருக்கும் உண்டு. முன்பு அப்படியில்லை. 1962 உலகக் கோப்பையின் இரண்டாவது ஆட்டத்தில் காயமடைந்த பெலே இறுதியில் ஆடவில்லை. அந்த ஆண்டுக்கான பதக்கம் அவருக்குக் கிடைத்தது 2007-இல், கோப்பை வென்ற பழைய அணிகளின் எல்லா உறுப்பினர்களுக்கும் பதக்கம் தர ஃபிஃபா முடிவெடுத்த பிறகுதான். 45 ஆண்டுகள் தாமதமான நீதி.

கேள்வி: நான் எங்கள் அணியின் தலைவி. இறுதிப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. சென்ற ஆட்டத்தில் பின்தொடையில் ஏதோ சுண்டியதுபோல் இருந்தது. படியேறினால் வலிக்கிறது. பயிற்சியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீக்கிவிடுவார். என்ன செய்வது?

பதில்: இன்றே சொல்லுங்கள். நீக்கிவிடுவார் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. இந்த நாளுக்காக நீங்கள் எத்தனை காலம் உழைத்திருப்பீர்கள் என்பதை உணர்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் மறைக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வேண்டிய சிகிச்சை நாளையும், உங்களுக்குப் பதிலாக ஆடக்கூடிய தோழிக்கு வேண்டிய பயிற்சி நாளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. படியேறும்போதே வலிக்கும் தசையை ஒரு மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்; தேவையென்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இலேசான இழுப்பு என்றால் ஒன்பது நாளில் திரும்பும் வாய்ப்பு இல்லாமலில்லை. நார்கள் கிழிந்திருந்தால் இல்லை.

முடிவு எடுப்பதற்கு ஒரு நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று காயம்பட்ட காலின் வலிமை மற்றக் காலுக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும், அழுத்தினால் வலிக்கக்கூடாது, முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி ஓட முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆடுவதில்லை என்று நீங்களும் பயிற்சியாளரும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அன்று வந்து பேரம் பேசவேண்டாம்.

ஆடுவதில்லை என்று ஆகிவிட்டால், அணியைவிட்டு விலகி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கைப்பட்டை அணியப்போகிறவரை முந்தைய நாளே தனியே அழைத்து, எதிரணியைப் பற்றி நீங்கள் அறிந்ததையெல்லாம் சொல்லுங்கள். உடைமாற்றும் அறையில் இரண்டு வார்த்தை பேசுங்கள். பிறகு பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். எல்லைக்கோட்டில் நின்று ஓயாமல் கத்தினால், களத்தில் இருப்பவர்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தடுமாறுவார்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

ஆட்டம் முடிந்த மறுநாளும் உங்கள் சிகிச்சைப் பயிற்சிகளைத் தொடருங்கள். பின்தொடைக் காயம் திரும்ப வருவது பெரும்பாலும் ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில்தான். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் என்றைக்கு என்று பார்த்து, அதற்கேற்ப உங்கள் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து வாரவாரியாகத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.