வசந்தத் தொடக்கத்தில் காய்கறி விதையை நேரே தரையில் போடாமல் பழைய டப்பாவில் முளைக்க வைப்பது ஏன்?

நாற்று விடுவது என்றால், விதையைச் சின்னத் தொட்டியில் முளைக்க வைத்துப் பிறகு தோட்டத்தில் மாற்றி நடுவது. குளிர்ப் பகுதிகளில் வசந்தம் பிறந்தாலும் தரை சில்லென்றுதான் இருக்கும். தக்காளி, மிளகாய் விதைக்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் நல்லது. குளிர்ந்த ஈரமண்ணில் கிடந்தால் முளைக்காமலே அழுகிவிடும். அண்டாத் தண்ணீர் சூடாக நேரமாகும், டம்ளர் தண்ணீர் சட்டென்று சூடாகும் அல்லவா? வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்த தயிர் டப்பா மண்ணும் அப்படித்தான். (கேரட், முள்ளங்கிக்கு இது ஒத்துவராது; பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும்.)

டப்பாவின் அடியில் சூடான ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். வேருக்குக் காற்றும் வேண்டும்; மண்ணில் தண்ணீர் தேங்கினால் அது கிடைக்காது. துளை இல்லாமல் அடியில் கூழாங்கல் பரப்பினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லாதபோது கல் இருந்தும் மண் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.