மாட்டுக் கொட்டகை எல்.இ.டி ஏன் கருகியது?

கேள்வி: ஐயா, கொட்டகையில் சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. 10 வாட் எல்.இ.டி சிப்புக்கு எல்.எம்.2596 பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும்) போர்டில் 10.5 வோல்ட் வைத்துக் கொடுத்தேன். பத்தே நாளில் கருகிவிட்டது. சிப் மட்டமா? ராத்திரியில் வெளிச்சத்தைக் குறைக்கவும் வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், ராயக்கோட்டை

பதில்: சிப்பைக் குறை சொல்லாதீர்கள், வோல்டேஜை மட்டும் பிடித்து வைத்ததுதான் தப்பு. எல்.இ.டி சூடாக ஆக அதே கரன்டுக்கு அதற்கு வேண்டிய வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும், நீங்களோ 10.5-ஐ விடாமல் கொடுக்கிறீர்கள், அதனால் கரன்ட் ஏறும், கரன்ட் ஏறினால் இன்னும் சூடு, இப்படியே போய் ஒரு நாள் கருகும். பிடித்து வைக்க வேண்டியது கரன்டைத்தான்.

எக்ஸ்.எல்.4015 என்ற பக் கன்வர்ட்டர் போர்டில் இரண்டு திருகு உள்ள வகையை வாங்குங்கள், ஒன்று வோல்டேஜுக்கு, இன்னொன்று கரன்டுக்கு. முதலில் எல்.இ.டி.யைச் சேர்க்காமல் 11 வோல்ட் வையுங்கள். அப்புறம் கரன்ட் திருகை முழுக்கக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் அவுட்புட்டின் குறுக்கே வைத்து மெல்லத் திருகி 700 மில்லி ஆம்பியருக்குக் கொண்டு வாருங்கள். சிப் 900 வரை தாங்கும் என்றாலும் நான் 700-க்கு மேல் போக மாட்டேன், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆயுள் கூடும். சிப்பின் சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட்சிங்க் கட்டாயம்.

வெளிச்சம் குறைக்க வோல்டேஜ் திருகைத் தொடாதீர்கள், அரை வோல்ட் நகர்ந்தாலே கரன்ட் எங்கேயோ போய்விடும். அவுட்புட்டில் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டு அணைத்து அணைத்து எரிய விடுவதும் இந்த போர்டுக்கு ஒத்துவராது, அணைந்திருக்கும் நேரத்தில் போர்டின் அவுட்புட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 11 வோல்ட் வரை ஏறி நின்று, திரும்ப எரியும்போது கரன்டை ஒரேயடியாகக் கொட்டும்.

டிம்மிங் (வெளிச்சம் குறைப்பது) வேண்டுமென்றால் பி.டி.4115 எல்.இ.டி டிரைவர் ஐ.சி.தான் சரி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போனால் தேடிப் பாருங்கள். கரன்டை அளக்க வைக்கும் சென்ஸ் ரெசிஸ்டரில் 0.1 வோல்ட் நிற்கிற மாதிரி அது கரன்டைப் பிடிக்கும், ஆகவே 0.15 ஓம் போட்டால் சுமார் 670 மில்லி ஆம்பியர். அதன் டிம் பின்னை (வெளிச்சம் குறைக்கும் கால்) எதிலும் சேர்க்காமல் விட்டால் முழு வெளிச்சம், கிரவுண்டில் தொட்டால் அணையும். வெளிச்சம் குறைக்க 555 டைமர் ஐ.சி.யில் 500 ஹெர்ட்ஸ் பல்ஸ் (நொடிக்கு 500 முறை வந்து போகும் மின் துடிப்பு) செய்து கொடுங்கள், ஆனால் 12 வோல்டில் ஓடும் 555-இன் அவுட்புட்டை நேரே டிம் பின்னுக்குக் கொடுத்தால் பி.டி.4115 போய்விடும். பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, அது பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கிற மாதிரி செய்யுங்கள். இதில் பல்ஸ் அகலம் கூடக் கூட வெளிச்சம் குறையும், பல்ஸ் அகலத்தை மாற்றும் நாபைப் பொருத்தும்போது அதை மனதில் வையுங்கள்.