ஒரு இன்ச் பைப்பில் ஒரு இன்ச் எங்கே இருக்கிறது? – பட்டறை கேள்வி பதில்

கேள்வி: கேட் சட்டத்தில் 26 மி.மீ. துளை போட்டு வைத்துவிட்டு ஒரு இன்ச் பைப் வாங்கி வந்தேன். நுழையவே இல்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தால் 33 மி.மீ.க்கு மேல் காட்டுகிறது. தவறான சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: இல்லை, சரியான சரக்குதான். ஒரு இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. உள்விட்டமும் ஒரு இன்ச் கிடையாது, ஷெட்யூல் 40 என்ற சுவர் கன வகையாக இருந்தால் 26.6 மி.மீ. வரும். தண்ணீர், நீராவி, கேஸ் போவதற்காக உருவானது பைப். அதனால் தேனிரும்புக் காலத்தில் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒட்டித்தான் பெயர் வைத்தார்கள். பிறகு எஃகு வந்து சுவர் மெலிந்தபோது, மரை, எல்போ, சாக்கெட் எல்லாம் ஏற்கெனவே பழைய வெளிவிட்டத்துக்குப் பொருத்தமாகப் புழக்கத்தில் இருந்ததால் வெளிவிட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை, உள்பக்கம்தான் பெரிதானது. கடைசியில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அரை இன்ச் பைப் வெளியே 21.3, முக்கால் 26.7, ஒன்றேகால் 42.2, ஒன்றரை 48.3, இரண்டு இன்ச் 60.3 மி.மீ. இந்த ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், மனப்பாடம் வேண்டாம். 12 இன்ச் வரை இதே கதைதான். 14 இன்ச்சிலிருந்துதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன.

ட்யூப் அப்படியில்லை. ஒரு இன்ச் ட்யூப் என்றால் வெளிவிட்டம் 25.4 மி.மீ.தான். சதுரக் குழாயும் அதே மாதிரி, 40×40 என்றால் வெளியே அளந்த 40. (செம்புக் குழாயில் மட்டும் கவனம்: பிளம்பிங் வேலைக்கு வருவதில் பெயரைவிட வெளிவிட்டம் கால் இன்ச்சில் பாதி கூடுதலாக இருப்பதும் உண்டு, குளிர்பதன வேலைக்கு வருவதில் சொன்ன அளவே வெளிவிட்டம்.)

உங்கள் சட்டத்துக்கு வருவோம். துளையைப் பெரிதாக்க வேண்டாம். ஒரு இன்ச் ட்யூப் வாங்குங்கள், 26 துளையில் 0.6 மி.மீ. இடைவெளியோடு அழகாக உட்காரும். வாங்கிய பைப்பையேதான் போட வேண்டும் என்றால் 34 அல்லது 35 மி.மீ. ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) வேண்டும், ஆனால் சட்டத்தில் அதற்கு அகலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஷெட்யூல் 40 என்றால் சுவர் கனம் எத்தனை மி.மீ.?

பதில்: ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அந்த எண், பைப் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கணக்கிலிருந்து வந்தது. அதனால் பைப் பெரிதாகப் பெரிதாகச் சுவரும் தடிக்கும். ஷெட்யூல் 40-இல் ஒரு இன்ச்சுக்கு 3.38 மி.மீ., இரண்டு இன்ச்சுக்கு 3.91, நான்கு இன்ச்சுக்கு 6.02. ஷெட்யூல் 80 வாங்கினாலும் வெளிவிட்டம் மாறாது, கூடுகிற கனம் முழுக்க உள்பக்கம்தான் போகும்.

கேள்வி: 16 கேஜ் ட்யூப் கேட்டால் ஒரு இடத்தில் 1.5 மி.மீ., இன்னொரு இடத்தில் 1.65 மி.மீ. தருகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். கேஜ் என்பது கனத்தைக் குறிக்கும் எண், ஆனால் அதற்கு ஒரே பட்டியல் இல்லை. பர்மிங்காம் கேஜில் 16 என்றால் 1.65 மி.மீ., பிரிட்டிஷ் கம்பி கேஜில் 1.63, அமெரிக்கத் தகட்டுக் கேஜில் 1.52. இதோடு எண் கூடினால் கனம் குறையும் என்பதும் சேர்ந்து புதியவர்களைக் குழப்பும். எனக்குக் கேஜ் பிடிக்காது, வரைபடத்தில் அதை எழுதுவதே கூடாது என்பேன். "வெளிவிட்டம் 38.1, சுவர் 1.6 மி.மீ., எம்.எஸ். ட்யூப்" (எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது, சரக்கு வந்ததும் நீங்களே அளந்து பார்த்தும் வாங்கலாம்.

கேள்வி: ஒன்றேகால் இன்ச் டை (பள்ளமுள்ள வளைக்கும் அச்சு) போட்ட பெண்டரில் ஒன்றரை இன்ச் ட்யூபை வளைத்தேன், சும்மா உள்ளே போய் உட்கார்ந்தது. ஆனால் வளைவில் நசுங்கி மடிப்பு விழுந்துவிட்டது. மணல் நிரப்பினால் சரியாகுமா?

பதில்: மணல் ஓரளவு உதவும், ஆனால் இங்கே கோளாறு டையில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பைப் டை. அதன் பள்ளம் 42.2 மி.மீ.க்கு வெட்டப்பட்டது, உங்கள் ட்யூபோ 38.1. இரண்டு பக்கமும் தாங்கல் இல்லாததால் ட்யூப் பக்கவாட்டில் அகன்று தட்டையாகிவிடுகிறது, அப்புறம் உள்வளைவில் மடிப்பு விழாமல் எப்படி இருக்கும்? மலிவான ஹைட்ராலிக் பெண்டர்களோடு பெரும்பாலும் பைப் டைகள்தான் வருகின்றன. ட்யூப் வளைக்க அதன் வெளிவிட்டத்துக்கே வெட்டிய டை வேண்டும். மெல்லிய சுவராக இருந்தால் ட்யூபை இழுத்துச் சுற்றி வளைக்கும் வகைப் பெண்டர்தான் சரிப்படும். டை வாங்கும் முன் பள்ளத்தின் அகலத்தை மி.மீ.யில் அளந்துவிடுங்கள், அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

கேள்வி: பைப்தான் தடி, அதனால் அதுதான் பலம் என்கிறார் நண்பர். வண்டிக் கேரியருக்கு எதைப் போடலாம்?

பதில்: கனம் மட்டும் பலம் தராது, விட்டம்தான் பெரிய விஷயம். எஃகுக் குழாயின் எடைக்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: வெளிவிட்டத்திலிருந்து சுவரைக் கழித்து, வந்ததைச் சுவரால் பெருக்கி, அதை 0.02466-ஆல் பெருக்குங்கள், மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். ஒரு இன்ச் ஷெட்யூல் 40 பைப் இந்தக் கணக்கில் 2.5 கிலோ. இரண்டு இன்ச் ட்யூப் 2 மி.மீ. சுவரில் 2.4 கிலோதான், ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு அந்தப் பைப்பைப்போல இரண்டரை மடங்கு! எடை முக்கியமான கேரியருக்கு ட்யூப்தான் என் தேர்வு. அடிபட்டு நசுங்கும் இடம், மரை வெட்ட வேண்டிய இடம், துருப்பிடித்துச் சுவர் தேயும் இடம் என்றால் அங்கே பைப்பின் கனம் வேண்டும். 1.6 மி.மீ. சுவரில் பைப் மரை வெட்டவே முடியாது.

கேள்வி: ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் செய்ய வேண்டும். அடுத்தடுத்த அளவுப் பைப் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. பைப் அளவுகள் ஒன்றுக்குள் ஒன்று போவதற்காக வைத்தவை அல்ல. ஷெட்யூல் 40-இல் ஒரு இன்ச் பைப், ஒன்றேகால் பைப்புக்குள் சுமார் 1.6 மி.மீ. தளர்வோடு போகும். ஆனால் ஒன்றேகால் பைப் ஒன்றரைக்குள் போகாது (42.2 எப்படி 40.9-க்குள் போகும்?). ஒன்றரை இரண்டுக்குள் போகும், ஆனால் 4 மி.மீ.க்கு மேல் ஆடும். ட்யூபில் கணக்குப் பார்த்து வாங்கலாம்: ஒன்றரை இன்ச் வெளிவிட்டம், 3.05 மி.மீ. சுவர் என்றால் உள்ளே 32.0 மி.மீ., அதில் ஒன்றேகால் ட்யூப், அதாவது 31.75, கால் மி.மீ. இடைவெளியில் நழுவும். ஆனால் சாதாரண வெல்டு ட்யூபில் உள்பக்கம் நீளவாட்டில் ஒரு தையல் மேடு ஓடும், அந்த இடைவெளியில் அதுவே அடைத்துவிடும். டி.ஓ.எம். (உள்ளே ஒரு தண்டை வைத்து இழுத்துச் சீராக்கிய ட்யூப்) என்று கேட்டு வாங்கினால் அந்த மேடு இருக்காது, அளவும் துல்லியமாக வரும். விலை கூடுதல்தான். குறைந்த செலவில் முடிக்க நினைத்தால் 2 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டு வாங்கி, உள்ட்யூபைத் தையல் மேடு இல்லாத பக்கத்தில் அழுத்திப் பிடிக்கும்படி வெளிட்யூபில் ஒரு நட்டை வெல்டு வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். எதுவானாலும் கடைக்குப் போகும்போது ஒரு துண்டு உள்ட்யூபைக் கையோடு எடுத்துப் போய், வாங்கப் போகும் நீளத்துக்குள் இரு முனையிலிருந்தும் விட்டுப் பாருங்கள்.